திரும்பச் சொல்லுங்க

கை ஹாமில்டன் இயக்கி 1969ல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனாலும் ஒரு காட்சி மறக்காது. பயிற்சிக்காகக் கிளம்பிய போலந்து விமானிகளின் அணி ஒன்று வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஜெர்மன் விமானங்கள் கண்ணில் படுகின்றன. போலந்துக்காரர்கள் ஒவ்வொருவராக அணியிலிருந்து நழுவி அவற்றின் மீது பாய்கிறார்கள். அணியை நடத்திப்போகும் ஆங்கில அதிகாரி ரேடியோவில் திரும்பி வரச்சொல்லிக் கத்துகிறார். அந்தப் பக்கமிருந்து உடைந்த ஆங்கிலத்தில் வருவது ஒரே பதில்தான்: திரும்பச் சொல்லுங்க. மறுபடி கத்துகிறார். மறுபடியும், திரும்பச் சொல்லுங்க. தரையிறங்கிய பிறகு கொஞ்சம் கண்டிப்பு, கூடவே இனி நீங்களும் போருக்குப் போகலாம் என்ற அனுமதி.

சிரிப்பு வரத்தான் செய்யுது. நான் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அந்த இடத்தில் சிரித்திருக்கிறேன். ஆனால் காட்சியின் வேராக இருக்கும் நிஜ சம்பவத்தைப் படித்த பிறகு, அந்தச் சிரிப்பு யாருடைய வசதிக்காக உண்டாக்கப்பட்டது என்ற கேள்வி வந்துவிட்டது.

சம்பவம் நடந்தது 1940 ஆகஸ்ட் 30. இடம், லண்டனுக்கு மேற்கே இருக்கும் நார்த்தோல்ட் தளம். 303ஆம் படைப்பிரிவு அங்கே உருவாகி நாலே வாரம். விமானிகள் போலந்துக்காரர்கள். தலைவர் ரொனால்ட் கெல்லெட் ஆங்கிலேயர். அன்று ப்ளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பயிற்சி. லுட்விக் பாஷ்கியேவிச் என்ற விமானி எதிரி விமானங்களைப் பார்க்கிறார். உடனே ரேடியோவில் தலைவரைக் கூப்பிட்டு, எந்தத் திசையில் என்றும் சொல்கிறார். அதுவும் ஆங்கிலத்தில், விமானப்படையின் குறிமொழியில், சரியாக. கெல்லெட்டிடமிருந்து பதில் இல்லை. பாஷ்கியேவிச் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாகப் பிரிந்து போய் ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறார். மற்ற எல்லோரும் அணியிலேயே இருந்தார்கள். அவர்களையும் ப்ளென்ஹைம்களையும் கெல்லெட் பத்திரமாகத் தளத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்தார். பாஷ்கியேவிச்சுக்குக் கண்டனமும் கிடைத்தது, முதல் வெற்றிக்கான பாராட்டும் கிடைத்தது. மறுநாளே படைப்பிரிவு களமிறங்கத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

படம் இதில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறது. ஒருத்தர் செய்ததை மொத்தக் கூட்டத்தின் குறும்பாக ஆக்கியது முதல் மாற்றம். அது போகட்டும், சினிமாவுக்கு அது தேவை. இரண்டாவதுதான் முக்கியம். நிஜத்தில் போலந்துக்காரன் பேசினான், ஆங்கிலேயரிடமிருந்து பதில் வரவில்லை. படத்தில் ஆங்கிலேயர் பேசுகிறார், போலந்துக்காரனுக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி நடிக்கிறான். காது கேளாத பக்கம் மாறிப்போய்விட்டது. திரைக்கதை எழுதியவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிஸ் போலந்தில் பிறந்தவர். பிரியத்தோடு எடுக்கப்பட்ட காட்சிதான் அது. ஆனால் அந்நியன் மீது காட்டும் பிரியம் எந்த வடிவத்தில் வருகிறது என்று பாருங்கள்: மொழி தெரியாத, சொல்பேச்சு கேட்காத, முரட்டுத் துணிச்சல்காரன். இந்தப் படத்தில் லாரன்ஸ் ஒலிவியே, மைக்கேல் கெய்ன், கிறிஸ்டஃபர் பிளம்மர் எல்லோருக்கும் பெயருள்ள பாத்திரங்கள் உண்டு. போலந்துக்காரர்களை நாம் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு காட்சியும் இல்லை. ஒருவர் பாராசூட்டில் வயலில் வந்து இறங்குகிறார், அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் அவரை ஜெர்மன்காரன் என்று நினைத்துக் கவைக்கோலை நீட்டுகிறார்கள். அங்கேயும் சிரிப்புதான். படம் முடியும்போது எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை விமானிகள் என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. பெயரில்லாதவர்கள் கடைசியில் எண்ணாக வந்து நிற்கிறார்கள்.

அந்த எண் கதையைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், இவர்கள் எப்படி நார்த்தோல்ட்டுக்கு வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1939 செப்டம்பர் 1ல் ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. செப்டம்பர் 17ல் சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. விமானப்படையில் எஞ்சியவர்களுக்கு ருமேனியா, ஹங்கேரி வழியாகத் தப்பும்படி உத்தரவு. அங்கே தடுப்பு முகாம்கள். லஞ்சம் கொடுத்தும், பொய்யான தாள்களைக் காட்டியும், ஆடை மாற்றியும் வெளியேறி, பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் பிரான்சும் விழுந்தது. மிச்சமிருந்தது பிரிட்டன். அவர்கள் அதைக் கடைசி நம்பிக்கையின் தீவு என்று அழைத்தார்கள். பத்து மாதத்தில் இரண்டு நாடுகள் காலடியில் நழுவிப்போனதைப் பார்த்தவன் மூன்றாவது நாட்டின் ஓடுதளத்தில் நிற்கும்போது அவன் முகத்தில் என்ன இருந்திருக்கும்? அதைப் பார்த்த ஆங்கில அதிகாரிகள் பலருக்கு அது தோற்றுப்போன படையாகத்தான் தெரிந்தது.

முதலில் வந்தவர்களைப் பிரிட்டிஷ் விமானப்படையின் தன்னார்வ ரிசர்வில் சேர்த்து, பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். போலந்துக்காரர்களுக்கு இது முள்ளாகக் குத்தியது. நாடு போனாலும் அரசு போகவில்லை, புலம்பெயர்ந்த அரசு இருக்கிறது, அதன் படைதான் நாங்கள் என்பது அவர்கள் வாதம். 1940 ஆகஸ்ட் 5ல் இரு அரசுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்குப் பிறகே அந்த வாதம் ஏற்கப்பட்டது. அப்போதும் நிர்வாகம் பிரிட்டன் கையில்தான். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு ஆங்கிலேயர், ஒரு போலந்துக்காரர் என்று இரட்டைத் தலைமை. 303ல் கெல்லெட்டுக்கு இணையாக ஸ்டிஸ்வாவ் கிராஸ்னோடெம்ப்ஸ்கி.

பிறகு பயிற்சி. அவர்கள் பழகிய பி.11 விமானத்தில் சக்கரம் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஹரிக்கேனில் அதை உள்ளே மடக்கி, இறங்கும்போது மறக்காமல் வெளியே எடுக்க வேண்டும். அவர்கள் ஊரில் பிரெஞ்சு வழக்கப்படி த்ராட்டிலை இழுத்தால் வேகம் கூடும். இங்கே தள்ள வேண்டும். கிலோமீட்டர் போய் மைல், மீட்டர் போய் அடி. ஆயிரம் மணி நேரம் பறந்தவனும் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. ரேடியோ கட்டளைகளைப் பழக, மூன்று சக்கர சைக்கிள்களில் ரேடியோவைப் பொருத்தி மைதானத்தில் சுற்றவிட்டார்கள். போரில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆட்கள், மூன்று சக்கர சைக்கிளில்! இதைப் படிக்கும்போதும் சிரிப்பு வரும். ஆனால் இந்தச் சிரிப்பில் அவமானத்தின் உறுத்தலும் இருக்கிறது, சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் அது இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கெல்லெட் பிரெஞ்சு மொழியை வைத்து அவர்களோடு சமாளித்தார். பிரிவில் இருந்த இன்னொரு தலைவர், கனடாக்காரரான ஜான் கென்ட், விமானத்தில் தேவைப்படும் போலிஷ் சொற்களை ஒலிப்படி தன் கால்சட்டைத் துணியிலேயே எழுதி வைத்துக்கொண்டு பறந்தார். அவரைக் கென்டோவ்ஸ்கி என்று போலிஷ் பெயராக்கிக் கூப்பிட்டார்கள். கால்சட்டையில் அந்நிய மொழியை எழுதி வைத்துக்கொள்ளும் தலைவர் என்பது 1969 படத்தின் நகைச்சுவைக்கு எதிர்த்திசையில் இருக்கும் காட்சி. அதை ஹாமில்டன் எடுத்திருந்தாலும் ஜனங்கள் சிரித்திருப்பார்கள். சிரிப்பின் பாரம் மட்டும் வேறு தோளில் இருந்திருக்கும்.

இவர்களைப் பற்றி முதலில் வந்த புத்தகத்துக்கு வருகிறேன். ஆர்காடி ஃபியெட்லர் எழுதிய ‘டிவிஜோன் 303’. 303ஆம் படைப்பிரிவு என்பதுதான் பொருள். 1942ல் லண்டனில் போலிஷ் மொழியில் வந்து, அதே வருஷம் ஆங்கிலத்திலும் வந்தது. ஃபியெட்லர் போர் எழுத்தாளர் அல்ல. அமேசான் காடு, கனடா என்று சுற்றிப் பயண நூல்கள் எழுதிப் பிரபலமானவர். போர் தொடங்கியபோது அவர் இருந்தது தாஹிட்டித் தீவில். அங்கிருந்து கிளம்பி பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் வந்து, விமானிகளோடு பழகி இதை எழுதினார். காட்டையும் ஆற்றையும் பார்த்துப் பழகிய கண் இது என்பது, மேகங்களையும் ஒளியையும் அவர் எழுதும் இடங்களில் தெரியும்.

இன்றைக்கு இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போகலாம். சும்மா சொல்லக்கூடாது, அது பிரச்சாரப் புத்தகம்தான். ஜெர்மன்காரன் யாருக்கும் அதில் முகம் கிடையாது. நம் ஆட்கள் பயப்படுவதில்லை. ஒவ்வொரு சண்டையும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஏறி ஒரே தாளத்தில் இறங்குகிறது. எழுதப்பட்ட இடமும் காலமும் விதித்த மௌனங்கள் வேறு: 1942 லண்டனில் சோவியத் ரஷ்யா நட்பு நாடு, அதைப் பற்றி ஒரு போலந்துக்காரன் மனசில் இருப்பதையெல்லாம் அச்சில் கொட்டிவிட முடியாது. இத்தனைக்கும் பிறகு, இந்த விஷயம் பற்றி வந்தவற்றில் இதுதான் முதலிடத்தில் வைக்க வேண்டிய படைப்பு என்பது என் கருத்து.

காரணம், அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பது. அதன் ஆங்கிலப் பதிப்பு கூட்டாளிகளுக்காக இருக்கலாம். மூல நூலின் வாசகன் ஆக்கிரமிப்பில் இருக்கும் வார்சாவில், போஸ்னானில் இருக்கிறான். புத்தகம் ரகசியமாகப் போலந்துக்குள் போய்ச் சேர்ந்தது. போர்க்காலத்திலேயே அங்கே தலைமறைவு அச்சகங்களில் பலமுறை அச்சிடப்பட்டது. கையில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வாசகனுக்கு ஃபியெட்லர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. போலந்துக்காரனுக்கு விமானம் ஓட்டத் தெரியும், அவன் நன்றிக்குரியவன், அவனுக்கு உங்கள் நாட்டில் இடம் கொடுங்கள் என்றெல்லாம் அவனிடம் மன்றாட வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உங்க பையன் உயிரோட இருக்கான், பறந்துகிட்டிருக்கான். சொல்லப்போனா இது ஊருக்கு எழுதிய கடிதம். கடிதத்தில் கொஞ்சம் மிகை இருக்கும். ஊருக்கு எழுதுகிற யாரும் கஷ்டத்தைக் குறைத்துத்தானே எழுதுவார்கள்.

ஆனால் எந்த வீட்டுப் பையன் என்று மட்டும் சொல்ல முடியாது. ஃபியெட்லர் போர்க்காலப் பதிப்பில் விமானிகளின் நிஜப் பெயர்களைப் போடவில்லை. போலந்தில் இருக்கும் அவர்கள் குடும்பங்களை ஜெர்மன் போலீஸ் பழிவாங்கும் என்பதால் மாற்றுப்பெயர்கள். நிஜப் பெயர்கள் பிற்காலப் பதிப்புகளில்தான் வந்தன. ஆக, வார்சாவில் ஒரு தாய் அந்தப் புத்தகத்தை இருட்டில் வாங்கிப் படித்திருந்தால், அதில் வரும் வீரர்களில் எவன் தன் மகன், அல்லது எவனுமே இல்லையா என்று தெரியாமல்தான் படித்திருப்பாள். இந்த நிலைமையை ஃபியெட்லர் கலைக்காகத் திட்டமிடவில்லை. பாதுகாப்புக்காகச் செய்தது. ஆனாலும் புத்தகத்தில் பிரச்சாரத்தின் தடிப்பை மீறி ஏதோ ஒன்று அதிர்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். வீரசாகசக் கதைக்கு முதல் தேவையே பெயர். பெயருக்காகத்தான் வீரம். பெயரை எடுத்துவிட்ட வீரசாகசக் கதை வேறொன்றாக ஆகிவிடுகிறது. 1969 படத்திலும் பெயர் இல்லை என்று மேலே குறைப்பட்டேன். அங்கே பெயர் தேவைப்படவில்லை, அதனால் இல்லை. இங்கே பெயர் அவ்வளவு முக்கியம், அதனால் இல்லை.

ஃபியெட்லர் விமானிகளோடு நிற்காமல் தரையில் இருந்த மெக்கானிக்குகளைப் பற்றியும் எழுதினார் என்பதைச் சேர்த்துச் சொல்லணும். ராத்திரி முழுக்க ஓட்டைகளை அடைத்து, காலையில் விமானத்தைப் பறக்கவைத்தவர்கள். அவர்களும் அதே ருமேனியா, அதே பிரான்ஸ் வழியாக வந்தவர்கள்தான். பிறகு வந்த சினிமாக்கள் இவர்களைப் பொருட்படுத்தவே இல்லை.

இன்னொரு நூலும் இருக்கிறது, அது புத்தகமாகத் திட்டமிடப்பட்டதில்லை. மிரோஸ்வாவ் ஃபெரிச் என்ற விமானியின் நாட்குறிப்பு. தான் எழுதியதோடு விடாமல், சகாக்களையும் பிடித்து உட்காரவைத்து அவரவர் சண்டையை அவரவர் கையெழுத்திலேயே எழுதவைத்தார். 1940 செப்டம்பர் 26ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் நார்த்தோல்ட்டுக்கு வந்தபோது அவரிடமும் அதில் கையெழுத்து வாங்கிவிட்டார், ஆள் லேசுப்பட்டவரில்லை. மறுநாள், செப்டம்பர் 27ல், பாஷ்கியேவிச் சண்டையில் இறந்தார். ஃபெரிச் 1942 பிப்ரவரியில் நார்த்தோல்ட்டிலேயே விமானம் உடைந்து இறந்தார். லின் ஓல்சனும் ஸ்டான்லி கிளவுடும் 2003ல் ஐந்து விமானிகளைப் பின்தொடர்ந்து எழுதிய புத்தகத்தில் ஃபெரிச்சும் ஒருவர். அந்தப் புத்தகத்தின் பலம் முழுக்க, இந்த மாதிரி கையெழுத்துகளை அது நம்பியிருப்பதில் இருக்கிறது.

ஓல்சன், கிளவுட் புத்தகத்தின் தலைப்பு பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவில் அதன் பெயர் கௌரவம் பற்றியது. பிரிட்டிஷ் பதிப்பின் பெயர் ‘உங்கள் விடுதலைக்கும் எங்கள் விடுதலைக்கும்’ என்ற பொருளில் வருகிறது. இது 1831ல் வார்சாவில் எழுந்த பழைய கோஷம்; அன்று அது ‘நம் விடுதலைக்கும் உங்கள் விடுதலைக்கும்’ என்று இருந்தது. இரண்டு வரிசையும் போலிஷில் புழங்குவதுதான். இருந்தாலும் பிரிட்டிஷ் வாசகன் கையில் கொடுக்கும் புத்தகத்தில் ‘உங்கள்’ முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது தற்செயலாக எனக்குப் படவில்லை. உங்களுக்காகத்தான் முதலில் சண்டை போட்டோம், அதை ஞாபகம் வையுங்கள் என்று அது சொல்கிறது. ஃபியெட்லரிடம் இல்லாத மன்றாட்டு இங்கே தொடங்கிவிடுகிறது.

மன்றாட்டுக்கு ஆதாரமாக வைக்கப்படுவது எண். பிரிட்டன் சண்டையில் கலந்துகொண்ட போலந்து விமானிகள் 145 பேர். 303ஆம் பிரிவு சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறியவை 126 விமானங்கள், அதுவும் ஆறு வாரத்தில். அந்தப் போரில் ஹரிக்கேன் ஓட்டிய எந்தப் பிரிவையும்விட அதிகம். பிறகு ஜெர்மன் இழப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் அதில் பாதிகூட உறுதிப்படவில்லை என்று காட்டினார்கள். இதில் போலந்துக்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எதுவுமில்லை. வானத்தில் சில விநாடிகளில் நடப்பதை எண்ணும்போது எல்லாத் தரப்புமே அதிகமாகத்தான் எண்ணியது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது, நிஜம் சுமார் 60. அந்த 60ஐ வைத்து அன்றைய பிரிட்டிஷ் விமானிகளின் மதிப்பை யாரும் குறைப்பதில்லை. 303க்கு மட்டும் 126 குறைந்துவிட்டால் ஏதோ பறிபோகிற மாதிரி ஒரு பதற்றம் அதை எழுதுகிறவர்களிடம் தெரிகிறது. ஏன்? சொந்த ஊர்க்காரனுக்கு அந்த ஊரில் இருக்கிற உரிமை எண்ணைப் பொறுத்ததில்லை. வந்தவனுக்கு அந்த எண்தான் அனுமதிச் சீட்டு.

2018ல் வந்த இரண்டு படங்களும் இந்த அனுமதிச் சீட்டு அரசியலுக்குள்தான் நிற்கின்றன. போலந்தில் டெனிஸ் டெலிச் எடுத்த படம், ஃபியெட்லர் புத்தகத்தின் தூண்டுதலில் வந்தது. தலைப்பிலேயே ‘உண்மைக் கதை’ என்று போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் அப்படிப் போட்டுக்கொள்ள வேண்டிய படத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. டேவிட் பிளேர் இயக்கிய ‘ஹரிக்கேன்’ அதைவிடக் கவனிக்க வேண்டியது. பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆன நேரம். போலந்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பிரிட்டனில் வசவு வாங்கிக்கொண்டிருந்த நேரம். படம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பது வெளிப்படை. போர் முடிந்ததும் பிரிட்டன் இவர்களை ஊருக்கு அனுப்பிவிட நினைத்ததையும் அது சொல்கிறது. 1946 ஜூனில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் 56 விழுக்காட்டினர் போலந்து வீரர்களைத் தங்க விடுவதை எதிர்த்தார்கள் என்பது நிஜம். அந்தத் துணிச்சலுக்காக ‘ஹரிக்கேன்’ படத்தை மதிக்கிறேன். 1969 படம் இந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் அது யாரை நாயகனாகத் தேர்ந்தெடுத்தது என்று பார்க்கணும். யான் சூம்பாக். விமானத்தின் பக்கவாட்டில் டொனால்ட் டக் படம் வரைந்துகொண்டு பறந்தவர். வேல்ஸ் நடிகர் இவான் ரியான் அந்தப் பாத்திரத்தைச் செய்கிறார், நன்றாகவே செய்கிறார். நிஜமான சூம்பாக் போருக்குப் பிறகு என்ன ஆனார்? தாத்தா வழியில் கிடைத்த சுவிஸ் குடியுரிமையை வைத்துக்கொண்டு விமானத்தில் கடத்தல் சரக்கு ஏற்றினார். 1960களின் தொடக்கத்தில் காங்கோவிலிருந்து பிரிந்த கட்டங்காவுக்கு விமானப்படை அமைத்துக் கொடுத்தார். 1967ல் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவுக்காக ஒரு பழைய பி-26 விமானத்தை ஓட்டிக் குண்டுபோட்டார். எல்லாம் கூலிக்கு. அங்கே அவர் பெயர் பிரவுன். 1970களில் இதையெல்லாம் தானே ஒரு புத்தகமாக எழுதினார். அதில் வருத்தம் அதிகமில்லை.

நாடு இல்லாமல் போன ஒரு விமானிக்குத் தெரிந்த ஒரே தொழில் சண்டை போடுவது. எந்த நாட்டுக்காக என்ற கேள்வி அடிபட்டுப்போன பிறகு அந்தத் தொழில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சூம்பாக்கைவிடப் பொருத்தமான வாழ்க்கை கிடைக்காது. ‘ஹரிக்கேன்’ எடுத்தவர்கள் கையில் அது இருந்தது. அந்தப் பக்கத்தை அவர்கள் கிழித்துவிட்டார்கள். கிழித்ததன் காரணமும் புரிகிறது. நன்றியுணர்வைக் கேட்டு வாங்க எடுக்கும் படத்தில் கடத்தல்காரன் இருக்க முடியாது. தங்கிக்கொள்ள அனுமதி கேட்கிறவன் எப்போதும் நல்லவனாகவே இருந்தாக வேண்டும். இப்படி எழுதுவதால் அந்த மனிதர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவர்களைச் சின்னதாக்கிவிடுகிறோம். அணியை விட்டுப் பிரிந்து தன்போக்கில் வேட்டையாடிய யோசஃப் ஃபிரான்டிஷெக்கையும் இப்படித்தான் மெழுகி எழுதுகிறார்கள். போலந்துப் பிரிவில் பறந்த செக் நாட்டுக்காரர். 17 விமானங்கள் என்ற அவருடைய கணக்குதான் பிரிவிலேயே அதிகம். ஒழுங்குக்குள் அடக்க முடியாமல், கடைசியில் அவரைப் பிரிவின் விருந்தாளி என்று சொல்லி அவர் போக்கில் விட்டுவிட்டார்கள். அக்டோபர் 8ல் சண்டையே இல்லாத நேரத்தில் விமானம் விழுந்து இறந்தார். அந்நியர்களின் பிரிவுக்குள்ளேயே ஒரு அந்நியன்; அவரைப் பற்றித் தனியாக ஒரு நாவல் எழுதலாம்.

எண்ணை வைத்து மரியாதை வாங்கும் இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2009ல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. குடியேற்ற எதிர்ப்பையே அரசியலாகக் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு சுவரொட்டி போட்டது. தேசபக்திக்கு அடையாளமாக அதில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம். அதன் உடலில் இருந்த ஆர்.எஃப். என்ற எழுத்துகள் 303ஆம் பிரிவின் குறியீடு. பத்திரிகைகள் சுட்டிக்காட்டியபடி, அது சூம்பாக் ஓட்டிய விமானம். போலந்துக்காரன் வரக் கூடாது என்ற சுவரொட்டியில் போலந்துக்காரனுடைய விமானம்! ஊரே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு யோசித்தால், அந்தக் கட்சிக்காரர்களின் அறியாமையைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த விமானம் அவ்வளவு சுலபமாக அவர்களுடையதாக ஆகிவிட முடிந்தது. அறுபது எழுபது வருஷத்துச் சினிமாவும் புத்தகமும் ஸ்பிட்ஃபயரைப் பிரிட்டனின் சின்னமாகச் செதுக்கி வைத்திருக்கும்போது, உள்ளே உட்கார்ந்திருந்தவன் யார் என்று எட்டிப்பார்க்க அவசியமே வருவதில்லை. எட்டு வருஷம் கழித்து, 2017ல், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்காக நடந்த வாக்கெடுப்பில் மக்கள் தேர்ந்தெடுத்த ஸ்பிட்ஃபயர் விமானி ஃபிரான்சிஷெக் கோர்னிட்ஸ்கி என்ற போலந்துக்காரர். மூன்று லட்சத்துக்கும் மேலே ஓட்டு விழுந்தது. அப்போது அவருக்கு 100 வயசு. அந்த வருஷமே இறந்துவிட்டார். இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதுவும் எண்ணிக்கைதான்.

எண்களுக்கு வெளியே நடந்த ஒரு செயலை எந்தப் படமும் முழு நீளக் காட்சியாக எடுத்ததாகத் தெரியவில்லை, எடுக்கக் கஷ்டமானது. 1945 பிப்ரவரியில் யால்டாவில் போலந்தின் கதி முடிவானது. ஜூலை 5ல் பிரிட்டன் போலந்தின் புலம்பெயர்ந்த அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 1946 ஜூன் 8ல் லண்டனில் வெற்றி அணிவகுப்பு. போலந்துப் படைகளுக்கு அழைப்பில்லை, விமானிகளில் 25 பேருக்கு மட்டும் அழைப்பு வந்தது. வரலாற்றிலேயே அவர்களுக்கு வந்த ஆகப் பெரிய பாராட்டு அது என்றுகூடச் சொல்லலாம். காலாட்படைக்கும் கடற்படைக்கும் அழைப்பில்லாத இடத்துக்கு நாங்கள் வரவில்லை என்று அந்த 25 பேரும் போகவில்லை. இங்கே ரேடியோ சரியாகத்தான் வேலை செய்தது. சொன்னது புரிந்தது. இந்தத் தடவை அவர்கள் திரும்பச் சொல்லுங்க என்று கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஸ்டானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி, போலந்து விமானிகளிலேயே அதிக வெற்றிகளைக் கணக்கில் வைத்திருந்தவர், 1947ல் திரும்பினார். 1948ல் கைது. பிரிட்டிஷ் உளவாளி என்று குற்றச்சாட்டு. 1950ல் மரண தண்டனை. பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 1956ல்தான் வெளியே வந்தார். 303ஐச் சண்டையின் நடுவில் தலைமையேற்று நடத்திய விட்டோல்ட் உர்பனோவிச் 1946ல் ஊருக்குப் போய், தொடர்ந்து பிடித்து விசாரித்ததில் வெறுத்து அமெரிக்காவுக்கு ஓடினார். லண்டனில் அவர்கள் அதிகப்படியான அந்நியர்கள், வார்சாவில் சந்தேகத்துக்குரிய அந்நியர்கள். ஃபியெட்லரும் 1946லேயே திரும்பிப் போனார். அவருக்கு அப்படி எதுவும் நேரவில்லை. மறுபடி பயணங்கள் போனார், எழுதினார், 1985ல் இறந்தார். அவர் புத்தகம் போலந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக ஆயிற்று. பாடமாக ஆன புத்தகத்துக்கு நேர்வது எல்லாம் அதற்கும் நேர்ந்தது.

தமிழில் இதை யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் ஒரு கோரிக்கை. பிற்காலப் பதிப்புகளில் நிஜப் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன, கூடவே படங்களும் குறிப்புகளும் கிடைக்கும், வேலை சுலபம். அதை வைத்துச் செய்யாதீர்கள். 1942 பதிப்பைத் தேடிப் பிடித்து, அந்தப் பொய்ப் பெயர்களோடேயே தமிழில் கொண்டுவாருங்கள். நிஜப் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் தனியாக அச்சிட்டால் போதும்.